பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு

பிப்ரவரி 4
அவசரப் பிரிவில் இரவுப் பணி காலை ஏழுக்கு முடிந்தது. ஆறு பத்துக்கு ஒரு பெண் குழந்தை வந்தாள், ஜீப்னி வண்டி மோதி. ஏழு வயது. நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தினேன், பிழைக்கவில்லை. என் மகள் மிகாய் போடும் அதே பள்ளிச் சீருடை. அவளுக்கும் ஏழுதான்.

பிப்ரவரி 5
சாவு பார்த்தவர் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது, செத்தவர் கூடவே வந்துவிடுவார் என்பார்கள் எங்கள் ஊரில். வழியில் எங்காவது உட்கார்ந்து உதறிவிட்டுத்தான் போக வேண்டும். நர்ஸ்கள் நாங்கள் எல்லாரும் தெசிங் அக்காவின் ரொட்டிக்கடையில் பத்து நிமிடம் உட்காருவோம். நேற்று நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 13
கடையில் மூன்று காபி. வீடு போனபோது மிகாய் பள்ளிக்குப் போயிருந்தாள். அப்பாடா என்றிருந்தது.
அப்பாடாவா? என்ன தாய் நான்?

பிப்ரவரி 19
களைப்பு. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 24
மாலையில் மிகாய் வந்தால் தூங்குவதுபோல் படுத்துக்கொள்கிறேன். என் கணவர் ரோடெல் கண்டுபிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை. "செத்தவங்க பின்னாடி வருவாங்கன்னு பயமா? இல்ல, உயிரோட இருக்கறவளைப் பாக்கத்தான் பயமா?" என்று மட்டும் கேட்டார். பணிக்குக் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 3
நேற்றிரவு ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் கால் கடைக்கே போயிற்று. தெசிங் அக்கா வழக்கம்போல, இன்று செத்தது யார் என்றார். ஏழு வயதுப் பெண் என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவர் காபி ஊற்றவில்லை.
"அது போன மாசம் செத்த புள்ள, நெலியா. நீ அவளை உதறவே இல்ல. தினம் கூட்டிட்டு வந்து என் கடையில உக்கார வெச்சிருக்க."
பிறகு அந்தக் குழந்தையின் பெயர் கேட்டார். ஐரா என்றேன். அந்தப் பெயரை இதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. காலையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாம் பார்க்க, அழுது தீர்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

மார்ச் 6
தலைமை நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வியாழன்தோறும் மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகிறேன்.
இரவில் ஒரு முதியவர் இறந்தார். கடையில் பத்தே நிமிடம். ஏழு இருபதுக்கு வீடு. மிகாய் சீருடையோடு வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். யாராவது செத்தால் அம்மா வர நேரமாகும் என்று ரோடெல் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.
"இன்னைக்கு யாரும் சாகலையாம்மா?"
"செத்தாங்க," என்றேன். "ஆனாலும் வந்துட்டேன்."
கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.