மொட்டைத் தென்னையில் மூன்று குஞ்சுகள்

ஏப்ரல் 6. தன்னாமுனை.

காலையிலேயே புழுக்கம். வாவிப் பக்கம் காற்றே இல்லை. கிணற்று வாளிக்குக் கயிறு மாற்ற வேண்டும்.

வாசல் தென்னையில் பச்சைக்கிளி குஞ்சு பொரித்திருக்கிறது. ஏணி வைத்துப் பார்த்தேன். மூன்று. போன வருடம் ஷெல் பட்டுத் தலை போன மரம். மரங்கொத்தி துளை போட்டது, கிளி குடிவந்தது. யுத்தத்தால் வீடு கிடைத்த ஒரே குடும்பம், இந்த வீதியில்.

தாய்க்கிளி விரலைக் கடித்தது. இந்தக் கிழமை என்னைத் தொட்ட ஒரே உயிர்.

ஏப்ரல் 15.

வீதிக்கு எதிரே உள்ள இராணுவக் காவலரண் சிப்பாய் சுனில் கோடரியோடு வந்தான். மரம் பார்வையை மறைக்கிறதாம். வெட்டக் கட்டளை. துளையைக் காட்டினேன். யோசித்தான். என்னை மாத்தயா என்றுதான் கூப்பிடுவான், சிங்களத்தில் ஐயா.

“மாத்தயா, ஒரு குஞ்சி தாங்க. தங்கச்சிக்கி. மரம் பொறகு வெட்டுறன்.”

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியரின் முகத்தோடு சொன்னேன்: கழுத்தில் வளையம் வந்த பிறகுதான் எடுக்கலாம், முந்தினால் செத்துப்போகும். நம்பினான்.

(வளையம் வர மூன்று வயதாகும். ஆணுக்கு மட்டும். குஞ்சு பறக்க ஏழு கிழமை போதும்.)

ஏப்ரல் 16.

பக்கத்து வீட்டு றோசம்மா, மதிலுக்கு மேலால்: “என்ன சேர், வீட்டுக்கு ஒண்டு கேக்கிற வருத்தம் இவனுகளுக்கும் தொத்திற்றா?”

சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு இல்லை. சண்டைக்கு வீட்டுக்கொரு பிள்ளை என்று இயக்கம் கேட்டபோதுதான் மகனைத் தாயோடு கொழும்புக்கு அனுப்பினேன். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமென்று நான் நின்றேன். வீடு நன்றாக இருக்கிறது.

மே 3.

வாங்க: மண்ணெண்ணெய், தீப்பெட்டி, நுளம்புத்திரி. கொழும்புக் கடிதம் இல்லை.

மாலையானால் வீதிக்கு அப்பாலிருந்து சுனிலின் குரல். “மாத்தயா, வளையம் வந்ததா?”

“இன்னும் இல்ல!”

இன்று வேறு எவரோடும் பேசவில்லை.

மே 25.

மூத்தது முந்தநாள் பறந்தது. இன்று இரண்டாவது. கடைக்குட்டி தலையை நீட்டுகிறது, உள்ளே இழுக்கிறது. தாயும் தகப்பனும் நாவல் மரத்தில் இருந்து கூப்பிடுகின்றன. இரை கொண்டு வருவதில்லை. பசி வந்தால் வெளியே வரும் என்ற கணக்கு.

றோசம்மா: “அது உங்களப்போல, சேர். கூட்ட உட்டு வெளிக்கிடாது.”

சுனில் நாளை லீவில் போகிறானாம். வளையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் குஞ்சு வேண்டும்.

மே 26.

தூறல். விடியவே சுனில் வந்து ஏணி சாத்தினான். நான் பிடித்துக்கொண்டேன், பிடிக்கச் சொன்னான். பாதி ஏறியிருப்பான். கடைக்குட்டி வெளியே விழுந்தது. பறப்பு என்று சொல்ல முடியாது. மதிலில் மோதாமல் தப்பி, தாறுமாறாக வாவிப் பக்கம் போயிற்று. தாயும் தகப்பனும் கத்திக்கொண்டு பின்னால்.

சுனில் துளைக்குள் கைவிட்டுத் தடவினான். எச்சம்தான்.

“அதுக்கு வளையம் இல்லயே, மாத்தயா?”

“அவசரப்பட்டிற்று, தம்பி.”

“தங்கச்சிக்கி என்ன சொல்றது?”

அதற்கு என்னிடம் விலங்கியல் இல்லை. பஸ்ஸுக்கு முன் மரத்தை வெட்டி முடித்துவிட்டுப் போனான்.

ஜூன் 7.

காற்று. கயிறு இன்னும் மாற்றவில்லை.

சுனில் திரும்பிவிட்டான். என் யன்னலிலிருந்து இப்போது காவலரண் முழுதாகத் தெரிகிறது. அங்கிருந்து நானும்.

மாலையில் வாயைத் திறந்தான். கேட்க ஒன்றும் இல்லை. கை காட்டினான்.

நானும் காட்டினேன்.