ஆணியில் மாட்டிய ரொட்டி

ஜசூரின் அப்பாவுக்கு சலோமத் எழுதுவது. தாஷ்கண்டில் நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? காதை மூடித் தொப்பி போடுகிறீர்களா?

சந்தையில் கைப்பையோடு என் கனடா வசிப்பு அட்டையும் போனதல்லவா, மாற்றுப் பயணப் பத்திரம் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். விசா அலுவலகத்தில் மனு வாங்கும் நம்மூர்ப் பெண் கேட்டாள்:

"கனடாவுலதான் குடியிருக்கீங்கன்னு எப்படி நம்புறது, அக்கா?"

"கெளம்புறப்ப நான் ஒரு வாய் கடிச்ச ரொட்டி அங்க ஆணியில தொங்குதும்மா. மிச்சத்தைத் திங்க நான் போயாகணும்ல?"

"பட்டாளத்துக்குப் போன என் தம்பி கடிச்சதும் எங்க வீட்ல தொங்குது. மனு ஃபாரத்துல ரொட்டிக்குக் கட்டம் இல்லையே. வாடகைச் சீட்டு, சம்பளச் சீட்டு கொண்டாங்க."

கடிதம் கண்டதும் அவற்றை அனுப்புங்கள்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் அனுப்பிய படத்தில் ரொட்டி தொங்குகிறது, சரி. ஆனால் எனக்கு முன்பல் ஒன்று இல்லை. நான் கடித்தால் நடுவில் மேடு நிற்கும். படத்தில் அது இல்லை. பழையதைத் தின்றுவிட்டுப் புதிதைக் கடித்து மாட்டியிருக்கிறீர்கள். ரொட்டி இருந்தால்தானே போனவள் திரும்புவாள்? எந்தக் கிழமை தின்றீர்கள்? என் பை போனது செவ்வாய்.

போனில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். அதனால் கனடாவுக்கு வரும் இங்கத்திய பக்கத்து வீட்டு உமிதாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் கடித்த ரொட்டி ஒன்றும் வருகிறது. மேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். உமிதா வாசலில் அவசரப்படுத்துகிறாள். எவ்வளவு பசித்தாலும் அதைத் தொடாதீர்கள். நான் வர வேண்டும்.

சலோமத்