முனிக்கு வாங்கிய பாட்டிலும் அதன் பில்லும்

குன்னம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முத்தமிழுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை ஆர்த்தியும் இங்கே சுகம், கல்கத்தாவில் நீயும் ஜோதியும் குழந்தையும் எங்களைவிடக் கூடுதல் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நான் பாதிக்கு வருவதற்குள் நீ சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், எனக்கும் எதை முதலில் சொல்வது என்று குழம்பிவிடும், அதனால் எழுதுகிறேன். மக்காச்சோளத்துக்கு ஒரு மழை கிடைத்தது, இன்னொன்று வந்தால் தேவலை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் கோபம் வருகிறது. படையல் போட்டோவைப் பார்த்துவிட்டு, இது நான் அனுப்பிய பாட்டில் இல்லையே என்று கேட்டிருந்தாய். உண்மைதான், இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது, பிழைத்து வீடு வந்தால் ஒரு வயதுக்குள் முனிக்குக் கிடாய் வெட்டிப் படைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாய். நம் வீட்டு வழக்கப்படி மூத்த மகன் பாட்டில் வாங்கி வந்து, முனி முன்னால் தன் கையால் மூடியின் சீலை உடைத்து ஊற்ற வேண்டும். உனக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்காக நீ போனில், "அப்பா, இங்கல்லாம் ஆர்டர் போட்டா முக்கா மணி நேரத்துல வூட்டு வாசலுக்கே வந்துடும், இந்தியா பூரா அனுப்புற ஆளு ஒருத்தன புடிச்சிட்டேன், ஒங்க பேருக்கே அனுப்பிடறேன்" என்றாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. அஞ்சலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் பார்சல் கொண்டு வருகிறவரிடம் உள்ளே என்ன என்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறேன், மதுவை ஒரு நாளும் ஏற்றதில்லை. தபாலில் வர முடியாத ஒன்று வேறு எந்த வழியாக வரும் என்று நினைக்க நினைக்கப் பயமாகிவிட்டது. நான் சின்ன விஷயத்துக்கும் பயப்படுகிறவன் என்பது உனக்குத் தெரியும், இதுவும் அப்படித்தானோ என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், பிறகு பெரம்பலூர் போய் வக்கீல் இளையபெருமாளைப் பார்த்தேன்.

அவர் பொறுமையாகவே சொன்னார். மது விஷயம் அந்தந்த மாநிலத்தின் கையில் இருக்கிறது, எல்லா ஊருக்கும் ஒரே சட்டம் கிடையாது. நீ இருக்கும் வங்காளத்தில் உரிமம் உள்ள கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து தர அனுமதி உண்டு, ஆனால் அது அந்த மாநிலத்துக் கடை, அந்த மாநிலத்து வீடு என்ற அளவோடு சரி. இங்கே அரசுக் கடையில் நேரில் போய் வாங்குவதுதான் முறை, வீட்டுக்கு அனுப்புவது கிடையாது. வெளிமாநில பாட்டில், அந்த ஊரில் வரி கட்டி வாங்கியதாகவே இருந்தாலும், அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி வந்தால் குற்றம்தான். "சாமிக்குத்தானுங்க" என்றேன். "சாமி பேருல எப்ஐஆர் போட மாட்டாங்கய்யா, பார்சல்ல இருக்கறது ஒங்க பேரு. அனுப்புனவன் போன அணைச்சிட்டுப் போயிடுவான், கைநீட்டி வாங்குன நீங்கதான் மாட்டுவீங்க" என்றார். ஆர்த்திக்கு அரியலூரில் இளநிலை உதவியாளர் வேலை வந்து போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி நிற்பதை அவரிடம் சொன்னேன். அவள்மேல் நேரடியாக எதுவும் வராது, ஆனால் அதே முகவரியில் ஒரு வழக்கு இருந்தால் விசாரணை இழுத்துக்கொண்டே போகலாம் என்றார். எத்தனை வருஷம் படித்து எழுதி அவள் வாங்கிய வேலை.

உனக்கு உடனே போன் செய்தேன், நீ மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வந்தது. மறுநாளே பாண்டிச்சேரியிலிருந்து வரும் ஒரு தனியார் பஸ்காரர் கூப்பிட்டு, நீ பிடித்த ஆள் அங்கிருந்து ஏற்றிவிட்ட பார்சலைப் பெரம்பலூர் நாலு ரோட்டில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். போகாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. போகாவிட்டால் வீட்டைத் தேடிக் கொண்டுவந்துவிடுவாரோ என்று போனேன். வேண்டாம், திருப்பி எடுத்துப் போங்கள் என்றதும் அவருக்குக் கோபம். "என்னா சார், கொழந்தய தூக்கிட்டு வர்ற மாதிரி மடியிலயே வச்சிக் கொண்டாந்திருக்கேன், கோயில் வெளக்குக்கு எண்ணெய்னுல்ல சொன்னாங்க" என்றார். எண்ணெய் இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் பெட்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு முகம் மாறி, என்னைத் திட்டுவதை விட்டு அனுப்பியவனைத் திட்டிக்கொண்டே ஏறிப் போய்விட்டார். அவர் நீட்டியபோது கைபட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றேன்.

பாட்டில் போய்விட்டது, வேண்டுதல் நிற்கிறது. பூசாரி செல்லப்பனிடம் போய், மூத்த மகனும் வரவில்லை, அவன் அனுப்பியதும் இல்லை, என்ன செய்யலாம் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஏன் அய்யா, நீங்க ஒங்க அப்பாவுக்கு மூத்த புள்ளதானே? ஒங்களுக்குக் கை இல்லயா?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. நீ சம்பாதிக்கும் முன்பெல்லாம் உன் சித்தப்பா வாங்கி வந்து கொடுப்பார், நான் ஊற்றுவதோடு சரி. அவர் இல்லாத இந்தக் காலத்தில் நானேதான் கடைக்குப் போயாக வேண்டும். கடை திறக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கக் குன்னத்தை விட்டுப் பெரம்பலூர் போய் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பி, "பெரியவரே, ஆஸ்பத்திரி டோக்கன் வரிசை அந்தப் பக்கம்" என்றார். என் முறை வந்ததும் பில் கேட்டேன். பின்னாலிருந்து ஒருவர், "யோவ், ஆபீசரு வந்துருக்காருய்யா, ஒழுங்கா குடு" என்று சத்தம் போட, வரிசை முழுக்கச் சிரித்தது. பில் கிடைத்தது. பாட்டிலை மஞ்சள் பையில் போட்டு, பையை வேட்டி மடிப்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் ஏட்டு அய்யாக்கண்ணு மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார். உட்காரச் சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன், பக்கத்தில் பில்லையும் வைத்தேன், இது சாமிக்கு, அரசுக் கடையில் வாங்கியது, ஒன்றே ஒன்றுதான் என்று விளக்கினேன். ஆர்த்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். அவர் என்னையும் பாட்டிலையும் பார்த்து, "அய்யா, நான் பாப்பாவ பத்தி விசாரிக்க வந்தேன், பாட்டில பத்தி நான் ஒண்ணும் கேக்கலயே" என்றார். பிறகு பில்லைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு, "இதுக்கெல்லாம் பில்லு வச்சிருக்கற வூட்ட இன்னக்கித்தான் பாக்குறேன், இந்த வூட்டுப் பொண்ண பத்தி நான் வேற என்னத்த கேக்க" என்றார். சொன்னாலும், முறைப்படி பக்கத்து வீடுகளில் கேட்டுவிட்டுத்தான் போனார், அது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாதான் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை படையல் முடிந்தது. சீலை உடைக்கும் முன் பில் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், செல்லப்பன், "திருவுங்க அய்யா, முனி ஒண்ணும் ஒங்க மேல கேஸு போடாது" என்றார். குழந்தை பேரைச் சொல்லித்தான் ஊற்றினேன். ஆர்த்தியின் விசாரணை அறிக்கை நல்லபடியாகப் போய்விட்டதாம், வரும் வாரம் அரியலூரில் சேரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆளின் நம்பரையும், அவனிடம் கொடுத்த நம் வீட்டு முகவரியையும் மறக்காமல் அழித்துவிடு. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி தேதி தவற வேண்டாம். அங்கே நீ வீட்டுக்குப் பாட்டில் ஆர்டர் போடுவதில் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை, விசாரித்துத் தெரிந்துகொண்டேன், ஆகையால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இடமில்லை. அது எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, வரும்போது கதவைத் திறந்து வாங்குவது ஜோதியா என்று போனில் கேட்க நினைத்தேன், தைரியம் வரவில்லை. இதிலும் நான் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள். ஆனால் பதில் எழுது.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ முனி துணையிருக்க,

உன் அப்பா
அய்யம்பெருமாள்