யானை முடி கிடைக்கவில்லை

சாலை பஜார், திருவனந்தபுரம்
ஓணம் கழிந்து மூன்றாம் நாள்

அன்பு மருமகள் அஜிதாவுக்கு மாமா இசக்கிப்பாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் மகன் பிரஜினும் கல்லுக்குண்டு போல இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் அதேபோல இருக்க இசக்கியம்மன் துணை நிற்பாள். போனில் பேசாமல் ஏன் காகிதம் என்று கேட்பாய், போனில் பேசினால் எனக்கு வாய் வேறு பக்கம் ஓடிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன், பிரஜின் இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். இந்த ஓணத்துக்குத் திருவனந்தபுரம் முழுக்க நம் கடை அரிசிதான் பொங்கியது, முதலாளி நாலு பேர் முன்னால் என் தோளில் தட்டி இசக்கி இல்லையென்றால் கடையே இல்லை என்றார். சொல்ல வந்தது அது இல்லை. மூன்று தடவை பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்க் கடைச் சாவி ஆணியில் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன தடவை குழந்தை தங்காமல் போனதிலிருந்து உனக்குப் பயம், கண்ணை மூடினால் கெட்ட கனவு, யானை முடி மோதிரம் ஒன்று இருந்தால் தைரியமாக இருக்கும் மாமா என்று கேட்டாய், ஒரே வாரத்தில் உன் விரலில் இருக்கும் என்று நானும் சொன்னேன். அதற்காகத்தான் நேற்று லீவுக்கு எல்லோரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன், இவர்களிடம் சும்மா ஊர் சுற்ற என்று சொல்லி வைத்திருந்தேன். வித்துரா தாண்டி ஆற்றோரத்தில் புதுசாக ஒரு யானைக் காப்பகம் வைத்திருக்கிறார்கள். போகிற வழியில் ரோட்டை மறித்து ஒரு காட்டு யானை நின்றது, நான் இறங்கி ஒரு அதட்டுப் போட்டதும் காட்டுக்குள் திரும்பிப் போய்விட்டது. பிரஜின் அது எருமை என்பான், நீ காதில் வாங்காதே. காப்பகத்தில் சவாரி கிடையாது, சங்கிலி கிடையாது, நாம் தொடவும் கூடாது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறதோடு சரி. நான் கொண்டு போன பத்துக் கிலோ கருப்பட்டியைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். மூன்று கிலோதான் என்று அத்தை சொல்வாள்.

அங்கே நரைத்த மீசை வைத்த பாகன் ஒருவரை மெதுவாகத் தனியே கூட்டிக்கொண்டு போய், மருமகள் பிள்ளைத்தாய்ச்சி, ஒரே ஒரு முடி போதும், என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்று கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். அண்ணாச்சி இங்க வா, இதைக் கண்டோ என்று பாருக்குட்டி என்கிற ஒரு கிழட்டு யானை பின்பக்கம் காட்டி நிற்கிற வேலியோரம் கூட்டிப் போனார். அஜிதா, அந்த வாலின் நுனியில் ஒரு முடிகூட இல்லை. தேய்ந்த விளக்குமாற்றுக் கட்டை மாதிரி இருக்கிறது. முப்பது வருஷம் உற்சவத்துக்கெல்லாம் வாடகைக்குப் போன யானையாம், போன இடத்தில் எல்லாம் மோதிரத்துக்கு என்று ஒவ்வொன்றாக இழுத்து எடுத்திருக்கிறார்கள், வேர் புண்ணாகி இனி முளைக்காதாம். ஈ வந்து மொய்க்கிறது, விசிறி விரட்ட வாலில் முடி இல்லை, இலையோடு ஒரு கொப்பை ஒடித்துத் தும்பிக்கையால் முதுகில் அடித்துக்கொண்டே நிற்கிறது, கொப்பு எட்டாத இடத்தில் ஈ அப்படியே இருக்கிறது. பாகன் சொன்னார், இதோட முடி வாங்கின ஆளுக்கெல்லாம் பேடி, பயம் போயோ என்று எனக்கு அறியாது அண்ணாச்சி, இதுக்குப் பேடி போகல, தூரத்தில் ஒரு வெடி கேட்டால் போதும், நின்ற நிற்பில் மூத்திரம் போகும் என்று. முடி வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது பாருக்குட்டி என்னைப் பார்த்துத் தும்பிக்கையைத் தூக்கி ஒரு வணக்கம் வைத்தது.

வரும்போது கல்லாற்றில் டீக்கு நிறுத்தினோம். பின்னாலேயே வந்து கேட்டிருந்த பிரஜின் சும்மா இராமல் முடி சங்கதியை அத்தையிடம் சொல்லிவிட்டான். அவள் டீ கிளாசை வைத்துவிட்டு, யானை முடிக்கு அலைஞ்சதுல பாதி அந்தப் பாஸ்போர்ட் ஆபீசரைப் பார்க்க அலைஞ்சிருந்தா நான் இந்நேரம் அந்தப் பிள்ளைக்குக் கால் பிடிச்சு விட்டுக்கிட்டு இருந்திருப்பேன்லா என்றாள். இந்த இடத்தில்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அத்தையின் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தாயிற்று, பெரிய ஆபீசர் நமக்கு வேண்டியவர், இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று இரண்டு மாதமாக உன்னிடமும் அவளிடமும் சொன்னது அத்தனையும் பொய். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. ஒரு நாள் அந்த ஆபீஸ் கேட் வரைக்கும் போனேன், எல்லாம் இங்கிலீஷ், பையன்கள் எல்லாம் டக்டக்கென்று உள்ளே போகிறார்கள், என்னிடம் ஒருவன் என்ன வேண்டும் என்று கேட்டதும் ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டேன். பிரஜின் ஆரம்பத்திலேயே போனில் போடுகிறேன் என்றான், எனக்கு ஆள் இருக்கிறது நீ சும்மா இரு என்று ஆதார் ஜெராக்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டதும் நான்தான். நீ விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது, உன்னைப் பெற்ற என் தங்கையும் இல்லை, அத்தையும் வராமல் போனால் பிரசவத்துக்குப் பெண் துணை இல்லாமல் நீ அங்கே தனியாகக் கிடப்பாய். நான் சொன்னது பொய் என்பதை டீக்கடையில் நின்றுகொண்டு அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். நான் எட்டாவது படிச்சவ, என்கிட்ட குடுத்திருக்கலாம்லா என்று மட்டும் கேட்டுவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதுக்குப் பிறகு இதுவரை என்னோடு பேச்சு இல்லை.

கல்லாற்றில் நெட் கிடைக்கவில்லை, வித்துரா வந்ததும் வண்டியை ஓரம் கட்டி அவள் சொல்லச் சொல்லப் பிரஜின் பாஸ்போர்ட்டுக்குத் தட்கலில் போட்டான். வருகிற வியாழன் காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே அவர்கள் இரண்டு பேரும் போவார்கள், நான் வெளியே நிற்பேன். போலீஸ் விசாரணை, விசா, டிக்கெட் எல்லாம் ஒழுங்காக நடந்தால் உன் தேதிக்குப் பத்து நாள் முன்னால் அத்தை அங்கே இருப்பாள். ஏதாவது தடங்கல் வந்தால் அதையும் உள்ளபடி சொல்லிவிடுவேன். விசாவுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று மாப்பிள்ளையைப் பிரஜினிடம் பேசச் சொல், என்னிடம் வேண்டாம்.

இரும்பு மாத்திரையை டீயோடு போடாதே, தண்ணீர்க் கேனைத் தூக்காதே, இடது பக்கம் சாய்ந்து படு. ராத்திரி பயமாக இருந்தால் மணி பார்க்காமல் போன் பண்ணு, அத்தை எடுப்பாள். தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து நூறு வருஷம் இருக்க வேண்டும். நான் எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்று கீழே ஒரு வரி எழுத அத்தையிடம் இந்தக் காகிதத்தைக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா
இசக்கிப்பாண்டி

பிள்ளே அஜிதா, பாஸ்போர்ட் சங்கதி நிசம். யானை வால் சங்கதியும் நிசம், நானும் பார்த்தேன். மத்தது உனக்கே தெரியும். நான் வாரேன். — அத்தை முத்தாரம்மாள்