அவருக்குப் பிடித்த பெட்டி

9 மார்ச், ஞாயிறு

காலையில் நல்ல வெயில். இப்போது புழுக்கம், மழை வருவது போல இருந்து வரவில்லை. வாடகைப் பாத்திரங்கள் திருப்பிக் கொடுத்தாயிற்று. வீடு கழுவியாயிற்று.

நேற்று அவருடைய பதினாறாம் நாள் படையலுக்கு இருந்தவர்கள், சரியாக: நான். மகன் பிரகாஷ். மருமகள் வனிதா. சுங்கை பாக்காப் கொழுந்தன் முருகையா, அவர் மனைவி. துறைமுகத்தில் என் வீட்டுக்காரரோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய இரண்டு பேர் (ஒருவர் மலாய்க்காரர், நோன்பு, சாப்பாட்டைக் கட்டி வாங்கிக்கொண்டார்). மேல்மாடி மேரி அக்கா. பூசை செய்த பண்டாரம். மொத்தம் ஒன்பது. போட்ட இலை எட்டு. சாப்பிட்டது ஆறு பேர்.

படையலில் வைத்தவை: வேட்டி, சட்டை. மூக்குக் கண்ணாடி. ஆட்டுக்கறிப் பிரட்டல், நண்டு, இட்லி. கறுப்பு பீர் ஒரு போத்தல். (நான் கையால் தொட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. கடைப் பெண் என் நெற்றித் திருநீற்றையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள்.) கேம் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றி எழுத வேண்டும். காலையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிகள் வீட்டில் இரண்டு. முதலாவது, கேசட் பெட்டி. கல்யாணமான மறு வருடம் அவர் வாங்கியது. சிவப்பும் வெள்ளையும். கன்ட்ரோலரில் இரண்டே பொத்தான். இரண்டாவது, டிஸ்க் பெட்டி. சாம்பல் நிறம். பிரகாஷுக்கு ஏழு வயதில் வந்தது. அதன் கன்ட்ரோலரில் எத்தனை பொத்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இறந்தவருக்கு மிகவும் பிடித்த சாமான் ஒன்றைப் படையலில் வைத்து, பிறகு வீட்டுக்குள் எடுக்காமல் கடலில் விடுவது அவர்கள் குடும்ப வழக்கம். மாமனாருக்கு ரேடியோ போனது.

முருகையா கூடையை வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணி, அண்ணனுக்கு எது பிரியம்? கேம் பெட்டிதானே. எடுங்க."

"எந்தப் பெட்டி?"

"எனக்கென்ன தெரியும்? கூட இருந்தது நீங்கதான்லா."

கேசட் பெட்டி என்று தொண்டை வரை வந்தது. நின்றுவிட்டது. அவர் படத்துக்கு முன் விளக்கு எரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே, "டிஸ்க் பெட்டிதான்" என்றேன்.

பிரகாஷை ஐஸ் வாங்க அனுப்பியிருந்தேன். நோன்புச் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டான். அவன் வந்தபோது கூடை மேல் புது வேட்டி போட்டு மூடியாயிற்று. சூடம் காட்டினான், விழுந்து கும்பிட்டான். உள்ளே என்ன என்று அவனுக்குத் தெரியாது. முருகையா கூடையோடு ஜெலுத்தோங் கடற்கரைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். இலை போட்டோம். உட்கார்ந்த பிறகுதான் டிவிக்குக் கீழே பார்த்தான்.

"மா, பெட்டி எங்க?"

"கடல்ல விட்டாச்சுப்பா" என்றார் முருகையா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "அண்ணனுக்கு அதான் பிரியம்னு அம்மா சொன்னாங்க."

"மெமரி கார்டு எடுத்தீங்களாமா?"

அது என்ன என்று கேட்டேன்.

"முன்னால சொருகி இருக்கும். தீப்பெட்டி மாதிரி."

வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பெட்டியைத் துடைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல். அதுவும் பெட்டியின் ஒரு பாகம் என்றே நினைத்திருந்தேன்.

"பந்து விளையாட்டுமா. நானும் அப்பாவும். ஃபார்ம் த்ரீ படிக்கறப்ப ஆரம்பிச்சது, எங்க டீம், எல்லா சீசனும் அதுலதான் இருந்துச்சு." குரல் உயரவே இல்லை. "அப்பாவுக்கு அது பிடிக்கும்னு யாரு சொன்னா? எனக்காக விளையாடுனாரு அவரு. அவருக்குப் பிடிச்சது உங்க கேசட் பெட்டி. அது எப்படிமா இங்கேயே இருக்கு?"

எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். நானும்.

எழுந்து போய்விட்டான். வனிதா என் தோளைத் தொட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள்.

அவன் சொன்னது சரி. எனக்கும் அப்படித்தான் தெரியும். தெரிந்துதான் மாற்றிச் சொன்னேன்.

10 மார்ச், திங்கள்

விடிகாலை தூறல். துணி காயவில்லை. கேஸ் தீரப் போகிறது, சொல்ல வேண்டும்.

பிரகாஷுக்கு மூன்று தடவை போன். எடுக்கவில்லை.

ஏன் கொடுக்க முடியவில்லை என்று எழுதிப் பார்க்கிறேன். எனக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆங்கிலம் படித்தது அந்தக் கேசட் பெட்டியில்தான்: ஸ்டார்ட், செலக்ட், கேம் ஓவர். அவர் சொல்லித் தரவில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அறுபத்து நாலு ஆட்டம் என்று கேசட் மேல் போட்டிருக்கும். உள்ளே ஒன்பதுதான். அதையே பெயர் மாற்றி, மேலிருந்து கீழாக. நான் எண்ணிக் காட்டியபோது அவர் சிரித்த சிரிப்பு, பக்கத்து வீட்டில் கதவு திறந்து பார்த்தார்கள்.

எனக்கு அந்தப் பெட்டி பிடித்த காரணம் இன்னொன்று. அது எதையும் சேர்த்து வைக்காது. நேற்று எங்கே தோற்றாய் என்று அதற்குத் தெரியாது. சுவிட்சைப் போட்டால் எல்லோருக்கும் முதல் கட்டம், மூன்று உயிர். பிரகாஷ் சின்னதில் கேலி செய்வான்: "என்னாமா இது, ஒவ்வொரு நாளும் முதல்லேர்ந்தா? போர் அடிக்காதா?" எனக்கு அதுதான் நிம்மதி. அவனுக்கு விட்ட இடத்தில் தொடர வேண்டும். இதில் எது உசத்தி என்று நானும் அவனும் எத்தனையோ நாள் வாதாடியிருக்கிறோம். அவர் நடுவில் உட்கார்ந்து பட்டாணி சாப்பிடுவார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்பார்.

மாலை 5. வனிதா போன் செய்தாள்.

"அத்தை, அவரு நேத்து காலைல கடலுக்குப் போனாரு. தண்ணி வத்துன நேரம் பார்த்து. முழங்கால் வரைக்கும் சேறு. மதியம்தான் வந்தாரு."

"கிடைச்சுச்சாம்மா?"

"வயர் மட்டும் கிடைச்சுச்சு, அத்தை. அதைக் கழுவி வச்சிருக்காரு. கோவத்துல இல்ல. ஒண்ணும் பேச மாட்றாரு, அதான் பயமா இருக்கு."

கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

12 மார்ச், புதன்

வெயில். கேஸ் வந்தது. எதிர்வீட்டு மலாய்க்காரம்மா நோன்புப் பலகாரம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

இருக்கிற கேசட் பெட்டியை ஆன் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது கன்ட்ரோலரை யாரிடம் கொடுப்பது. எழுந்துவிட்டேன்.

அதற்குப் பதிலாகக் கணக்குப் புத்தகங்களை எடுத்தேன். மளிகைக் கணக்கு இல்லை, ஆட்டக் கணக்கு. மாலையில் விளக்கு ஏற்றிய பிறகு நானும் அவரும் அரை மணி. பாதிப் பக்கம் "நா", பாதிப் பக்கம் "அ". தேதி, ஆட்டம், புள்ளி. பதினோரு புத்தகம் இருக்கிறது. டாங்கி ஆட்டத்தில் அவர் முந்துவார். கட்டை விழும் ஆட்டத்தில் என்னை ஒருநாளும் ஜெயித்ததில்லை.

புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. சனிக்கிழமைகளில் எல்லாம் வெறும் கோடு. ஒரு புத்தகம் இல்லை, ஏழு புத்தகம். சனி மதியம் மூன்று மணிக்கு மோட்டார் சர்வீஸ் என்று கிளம்பி ஏழு மணிக்கு வருவார், களைத்து, ஆட்டம் வேண்டாம் என்பார். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரா வாரம் என்ன சர்வீஸ் என்று நான் கேட்டதே இல்லை. கோடு மட்டும் போட்டிருக்கிறேன், ஸ்கேல் வைத்து.

மனம் எங்கெல்லாமோ போனது. எழுத மாட்டேன். முருகா.

அவர் பர்ஸைப் பிரித்துப் பார்த்தேன், இருபது நாளில் முதல் தடவையாக. அடையாள அட்டை. என் பாஸ்போர்ட் அளவுப் படம். தண்ணீர்மலை முருகன் கோயில் திருநீறு ஒரு பொட்டலம். ஒரு கடை அட்டை, மூலை மடங்கியது. பழைய கேம் சாமான் விற்கும், ரிப்பேர் செய்யும் கடை.

அங்கே டிஸ்க் பெட்டி ஒன்று கிடைத்தால் வாங்கிப் பிரகாஷிடம் கொடுக்கலாம். சனிக்கிழமை போவேன். மூன்று மணிக்கு.

15 மார்ச், சனி

மழை. பஸ். குடை கொண்டு போக மறந்தேன். பஸ் கோயில் சாலை வழியாகத் திரும்பியபோது கை தானாகக் குவிந்தது. துக்கம் இருக்கிறது, மலை ஏறக் கூடாது. கீழிருந்தே கும்பிட்டேன்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். கழிவறைக்குப் பக்கம். சீனர், ஐம்பது வயது இருக்கும், ஆ செங் என்று பெயர். மலாயில்தான் பேசினோம். அட்டையைக் காட்டி, என் கணவர் பர்ஸில் இருந்தது என்றேன். போனில் அவர் படத்தையும் காட்டினேன்.

"ஓ, சனிக்கிழமை அங்கிள்! மூணு வாரமா ஆளக் காணோம். எங்கே, மகன் வீட்டுக்குப் போயிட்டாரா?"

சொன்னேன். அவர் கையிலிருந்த திருகுளியைக் கீழே வைத்தார். உள்ளே போய் நாற்காலி கொண்டு வந்தார். பிறகு ஒரு பாக்கெட் சோயாப் பால், ஸ்ட்ரா குத்தி.

கவுண்டர் ஓரம் ஒரு பழைய குண்டு டிவி. அதற்குக் கீழே ஒரு பெட்டி. என் பெட்டி போலக் கேசட் போடுவது, ஆனால் தடித்த கேசட். என்னுடையதற்கு அடுத்து வந்தது, பிரகாஷுடையதற்கு முந்தையது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

"இதுதான் அங்கிள் இடம்" என்றார் ஆ செங். "மூணு மணிக்கு வருவார். ஒரு கோப்பி-ஓ, பால் இல்லாம. ஏழு மணிக்கு நான்தான் துரத்தணும்."

ஏன் இந்தப் பெட்டி என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன், ஆன்டி. என் கடையில எல்லாப் பெட்டியும் இருக்கு. அவர் சொன்னார், பழசுல வானம் எப்பவும் கறுப்பு. புதுசுல மூஞ்சி எல்லாம் மூலை மூலையா, பயமா இருக்கு. இதுலதான் மேகம் மேகமாட்டம் இருக்கு, அப்படின்னார்."

அவர் குரல்தான் அது. நான் ஒருநாளும் கேட்காத வாக்கியம்.

"அப்போ ஏன் வாங்கவில்லை?"

"நான் சும்மாவே எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கேன். இது வந்த புதுசுல பிள்ளை பிறந்துச்சாம், பால் மாவு வாங்கவே சரியா இருந்துச்சாம். அப்புறம் கையில காசு சேர்ந்தப்போ பையன் டிஸ்க் பெட்டி கேட்டானாம். இப்போ என்னன்னு கேட்டா..." நிறுத்தினார்.

சொல்லுங்கள் என்றேன்.

"மனைவி அந்த ரெண்டு பொத்தான் பெட்டியை விட மாட்டா. மகனுக்கு டிஸ்க் பெட்டிதான். இதை வீட்டுக்குக் கொண்டு போனா கூட விளையாட ஆள் இல்லைன்னார். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார், ஆன்டி."

ஆன் செய்து காட்டினார். பச்சை மலை, அதற்குப் பின்னால் மேகம். மலை வேகமாகவும் மேகம் மெதுவாகவும் நகர்ந்தன. நிஜமாகவே மேகம். கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தார். எட்டுப் பொத்தான். அதில் ஒன்று தேய்ந்து வழவழவென்று இருந்தது. கட்டை விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமுக்கவில்லை.

டிஸ்க் பெட்டி பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

மந்தாரம். சமைக்கவில்லை. மேரி அக்கா புளிச்சாறும் சோறும் கொண்டு வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விளக்குக்கு முன் சொன்ன பொய்யையும்.

"நீ பொய் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கே" என்றார். "உண்மையைச் சொல்லியிருந்தாலும் அது தப்பாத்தானே இருந்திருக்கும்? கேசட் பெட்டியும் அவருக்குப் பிரியமில்லையே."

"அதைத்தான்க்கா தாங்க முடியல."

"அழு. சோறு ஆறிப் போகும், அழுதுக்கிட்டே சாப்பிடு."

முப்பத்தோரு வருடம். எந்தக் குழம்புக்கு எத்தனை உப்பு என்று தெரியும். எந்தச் சட்டையில் எந்தப் பொத்தான் தளர்ந்திருக்கிறது என்று தெரியும். "உங்களுக்கு எந்தப் பெட்டி பிடிக்கும்" என்று கேட்டதில்லை. நானும் பிரகாஷும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம், இரண்டு பக்கமும் அவர் உட்கார்ந்து கொடுத்தார். என்னோடு விளையாடியது எனக்காக. அவனோடு விளையாடியது அவனுக்காக. பதினோரு புத்தகத்திலும் "அ" என்று எழுதியிருக்கிற பாதி அவர் இல்லை. அவர் அந்தக் கோடுகளில் இருந்திருக்கிறார்.

இல்லை, அப்படியும் இல்லை. அறுபத்து நாலு ஒன்பதானதுக்குச் சிரித்தது பொய்ச் சிரிப்பு இல்லை. அது எனக்குத் தெரியும். அதையாவது வைத்துக்கொள்கிறேன்.

முருகையா போன். முப்பதாம் நாள் 22ஆம் தேதி சனிக்கிழமை விழுகிறதாம், என்ன ஏற்பாடு என்று. "பிரகாஷ் வருவான்லா, அண்ணி?" தெரியாது என்றேன்.

17 மார்ச், திங்கள்

காலை வெயில். பூ வாங்கவில்லை. பிரகாஷுக்கு அனுப்ப வேண்டியதை முதலில் இங்கே எழுதிப் பார்த்து, பிறகு இதைப் பார்த்துப் போனில் அடிக்கிறேன். போன் எடுக்காவிட்டாலும் செய்தியைப் படிப்பான் என்கிறாள் வனிதா.

பிரகாஷ், அம்மா எழுதுகிறேன். அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அப்பாவுக்குக் கேசட் பெட்டிதான் பிடிக்கும் என்று நானும் நினைத்தேன். அதைக் கொடுக்க மனசு வரவில்லை. அதனால் பொய் சொல்லி உன் பெட்டியைக் கொடுத்தேன். மெமரி கார்டு பற்றித் தெரியாது, ஆனால் பொய் தெரிந்து சொன்னது. நீயும் அப்பாவும் விளையாடிய எல்லாம் என்னால் போனது. அதைத் திருப்பித் தர எனக்கு வழி இல்லை. நீ சேற்றில் தேடியது வனிதா சொன்னாள்.

ஆனால் நம் இரண்டு பேருக்குமே தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குப் பிடித்தது என்னுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. நடுவில் வந்த ஒரு பெட்டி. சனிக்கிழமை தோறும் ஒரு கடைக்குப் போய்த் தனியாக விளையாடியிருக்கிறார். எழுதிச் சொல்ல முடியவில்லை, நீ வந்து பார்க்க வேண்டும். அந்தக் கன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை முப்பதாம் நாள். அந்தப் பெட்டியைப் படையலில் வைத்துக் கடலில் விடலாமா, இல்லை வீட்டிலேயே வைத்து நீயும் நானும் விளையாடலாமா என்று தெரியவில்லை. போன தடவை நான் ஒருத்தியாக முடிவு செய்தேன். இந்தத் தடவை நீ சொல்லாமல் ஒன்றும் செய்ய மாட்டேன். கடைக்காரரிடம் காலையில் போனில் பேசினேன், வியாழக்கிழமை வரைக்கும் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். எதுவானாலும் சரி, வர மாட்டேன் என்றாலும் சரி, சீக்கிரம் பதில் போடு.