ஐயாயிரம் மைல்

மாசி 8, வெள்ளி.

லண்டன் துரை, என் அண்ணன், இன்று வந்திறங்கினார். நில உச்சவரம்பைக் குறைக்கப்போகிறார்களாம். அதற்குள் தன் பங்கை எழுதிக்கொள்ள வேண்டுமாம். கூலித் தகராறில் அறுப்பு நின்றுகிடக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடும்போது பீற்றல் வேறு.

"லண்டன்லேருந்து மெட்ராஸ் ஐயாயிரம் மைல்மா. பிளேன்ல ஏறி உக்காந்தா ஒரே நாள்தான்!"

மோர் ஊற்ற வந்த அம்மா நின்றுவிட்டாள். "ஒரே நாள்தானாப்பா?"

"ஒரே நாள்தாம்மா."

ஐப்பசியில் அப்பா இறந்தபோது, 'தூரம் அதிகம், காத்திருக்க வேண்டாம்' என்று தந்தி அடித்தவர் இவர். நான் பெண்ணாகிப்போனதால் பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான். கேட்டவர்களிடமெல்லாம், "பாவம், புள்ள என்ன பண்ணுவான், அவ்வளவு தூரம்" என்று அம்மா பரிந்து பேசினாள்.

அம்மா மோர்ச் சொம்போடு உள்ளே போய்விட்டாள். திரும்பி வருவாள் என்று வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது அந்த ஜென்மம்.