கோல்ஃப் மட்டைகளுக்கு நீ தைத்த உறைகள்

இன்று மதியம் வத்தலக்குண்டு டீக்கடை முன்னால் ஒரு கார் நின்றது. கொடைக்கானலுக்கு ஏறப்போகிற கார். டிரைவர் டிக்கியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கோல்ஃப் பை. ஒவ்வொரு மட்டையின் தலைக்கும் தோல் உறை. வெயிலில் சூடேறிய தோலின் வாசம் என் டீ கிளாஸ் வரைக்கும் வந்தது. மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டேன்.

நீ போன பிறகு உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதினால் திட்டித்தான் எழுதுவேன் என்று தெரியும். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நாம் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பில் நான் முதலாளியின் கார் டிரைவர். நீ சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவன். ஊறிய ஆட்டுத்தோலை வெறுங்கையால் புரட்டிப் புரட்டி வெளியே எடுத்துப் போடுவாய். சாயங்காலம் பேகம்பூரில் பரோட்டா தின்னப் போனால் நீ சால்னாவில் கை வைக்கமாட்டாய். விரல் வெடிப்பில் காரம் பட்டால் உயிர் போகும். ஸ்பூன் கேட்பாய். "தொரைக்கு ஸ்பூன் வேணுமாம்ல, எடுத்துக் குடுங்கப்பா!" என்று கடைக்காரர் கத்துவார். எல்லோரோடும் சேர்ந்து நீயும் சிரிப்பாய். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துரையிடம் முதலாளி அந்த கோல்ஃப் மட்டைகளை வாங்கினார். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் டிக்கிக்குள் அவை கலகலவென்று ஆடும். ஒன்றோடொன்று இடித்து வடு விழுகிறதே என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. உன் வீட்டில் முன்பு ஜட்கா வண்டிக்குச் சேணம் தைத்தார்கள் என்று கணக்குப்பிள்ளை சொல்ல, உன்னைக் கூப்பிட்டு உறை தைக்கச் சொன்னார். நீ உடனே தலையாட்டிவிட்டாய்.

அன்று சாயங்காலம் நான் சும்மா விடவில்லை.

"மட்டைக்குச் சட்டை தைக்கப் போறியாக்கும்? ஏலே, ஒங் கையப் பாத்தியா?"

"பாத்துட்டுத்தான் ஒத்துக்கிட்டேன் மாப்ள. தச்சுக் குடுத்தா மனுசன் குளுந்து போயிருவாருல்ல? அந்த நேரம் பாத்து, தொட்டிக்காரங்க அம்புட்டுப் பேருக்கும் ரப்பர் கையுறை கேட்ருவேன்."

"கேட்டதும் தூக்கிக் குடுத்துருவாரு. கேக்குறதா இருந்தா எல்லாரும் சேந்து போயிக் கேக்கணும்."

"நீ கொடி புடிச்சுக் கேளு. நான் ஊசி புடிச்சுக் கேக்குறேன். யாருக்குக் கெடைக்குதுன்னு பாப்பம்."

நம் ஷாப்பிலேயே ஆவாரம்பட்டையில் பதனிட்ட செம்மறித் தோலில், இருப்பதிலேயே மெத்தென்றிருந்ததைப் பொறுக்கி எடுத்தாய். தையல் சுத்தமாக இருந்தது. முதலாளி உறைகளை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார். இப்போதே கேள் என்று நான் தூரத்திலிருந்து சாடை காட்டினேன். விளையாடிவிட்டு வரட்டும், இன்னும் சந்தோஷமாக இருப்பார் என்று நீ கண்ணாலேயே சொன்னாய்.

கொடைக்கானலில் நடந்ததை உன்னிடம் பாதிதான் சொன்னேன். முதலாளியோடு விளையாட வந்த காப்பித் தோட்டக்காரர் உறைகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "மரத்தலை மட்டைக்கு உறை போடுவாங்க, சரி. இது இரும்புத்தலை, தரையில மோதுறதுக்குன்னே செஞ்ச சாமான். இதுக்கு எதுக்கய்யா மேல்சட்டை?" என்றார். பை தூக்குகிறவர் ஒவ்வொரு அடிக்கும் உறையைக் கழற்றி, இடுப்பில் செருகி, அடித்து முடிந்ததும் மறுபடி மாட்டினார். "இதுக்கு ஒரு வீட்டுப் பிள்ளைகளக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டிவிட்றலாம்ணே" என்று என்னிடம் முனகினார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. நனைந்த உறைகளோடேயே மட்டைகள் டிக்கிக்குள் போயின. அடுத்த ஞாயிறு வரை டிக்கியை யாரும் திறக்கவில்லை.

திறந்தபோது, மட்டைத் தலைகளில் மேல்பூச்சு தேய்ந்திருந்த இடமெல்லாம் கருநீலக் கறை.

பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தோடு இரும்பில் பட்டால் இரண்டும் கறுக்கும். தோல் ஷாப்புக்குள் நுழைந்த அன்றே எல்லோருக்கும் சொல்வது இது. பட்டைத் தொட்டிப் பக்கம் இரும்பு வாளியோடு வந்த எத்தனை பேரை நீயே விரட்டியிருக்கிறாய்! உனக்கு எப்படி மறந்தது என்று கேட்டேன்.

"அது இரும்புன்னே தோணல மாப்ள. தொரை வச்சிருந்த சாமான். மினுமினுன்னு வேற இருந்துச்சு. என்னமோ வெள்ளி மாதிரின்னு நெனச்சுட்டேன்."

எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. வாளியாக இருந்தால் இரும்பு, துரை கையில் இருந்தால் வேறு ஏதோ. இப்படி நினைக்கத்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள்.

அந்த மட்டைகளுக்கு உறை போடலாமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். வடு விழுந்தால் விழட்டும், மட்டை அடிப்பதற்குத்தான். சத்தம் பிடிக்காவிட்டால் இடையில் ஒரு துண்டைச் செருகினால் போதும். இன்றைக்கு அந்த டிரைவரிடமும் இதைத்தான் சொன்னேன். "மழை பேஞ்சா மொதல்ல உறையக் கழட்டிருங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அலுவலக வாசலில் உன்னை உட்காரவைத்து, மட்டைகளைப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். புளித்தண்ணீர் விரல் வெடிப்பில் இறங்க, நீ பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாய். நான் காரைத் துடைப்பதுபோல ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி வெளியே வந்தார்.

"போச்சா?"

"போயிருச்சு மொதலாளி." நீ எழுந்து நின்றாய். "மொதலாளி, தொட்டியில எறங்குறவங்களுக்குக் கையுறை..."

"இருக்குற சாமானப் பாழாக்கிப்புட்டு ஒனக்குச் சாமான் வேற வேணுமாக்கும்?" என்று கத்தினார்.

கணக்குப்பிள்ளை சிரித்தார். நீயும் சிரித்தாய். ஒரு வாரம் நான் உன்னோடு பேசவில்லை.

அந்த மழைக்காலத்தில் உன் வலது உள்ளங்கைப் புண் சீழ் பிடித்தது. முழங்கை வரைக்கும் வீங்கி, காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள். அதை லேசாகத் தூக்கிக் காட்டி, "பாத்தியா மாப்ள, கேட்டது கெடச்சிருச்சு" என்றாய். அன்றைக்கும் சிரித்தாய். இரண்டு நாளில் உன்னைப் பேகம்பூர் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம்.

மறுவாரமே கார் சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறேன். நான் நினைத்தபடியே எல்லோரும் சேர்ந்து போனோம், வேலையை நிறுத்தினோம். கையுறை வந்தது, இரண்டு பேருக்கு ஒரு ஜோடி. ஒருவன் மாட்டிக்கொண்டு இறங்கும்போது மற்றவன் வெறுங்கையோடு இறங்குகிறான்.

போன வாரம் அதைப் பேசக் கிளம்பினோம். "இன்னைக்கு மொதலாளி ரொம்பக் கோவமா இருக்காராம்ணே. நாளைக்குப் போவமா?" என்றார்கள் கூட வந்தவர்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நல்ல நேரம் பார்த்துக் கேட்கப்போவதாகத்தான் நீ சொல்லியிருந்தாய். கையில் புளி எரிய, அவர் கொதித்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் கேட்டாய். இதற்குமேல் நல்ல நேரம் வராது என்று தெரிந்தே கேட்டிருக்கிறாய். இத்தனை நாளும் உன் சிரிப்பைத்தான் நான் பெரிதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றே உள்ளே போனேன். அவர் கத்தினார். "கையுறை" என்பதோடு உன் பேச்சை அவர் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொன்னேன். ஆளுக்கு ஒரு ஜோடி. கிழிந்தால் உடனே மறுஜோடி. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நாளைக்கும் போகிறேன்.